எட்டு மணி வரிசையில் போன நான்கு நாட்கள்

2025 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் நான் ஐந்து இரவுகள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். சாதாரண நீர்க்கடுப்பாக ஆரம்பித்தது, சிறுநீரகம் வரைக்கும் ஏறி ரத்தத்திலும் கலந்துவிட்டது. முதல் நாளே யாராவது ஒருவர் ‘நேரா மருந்துக்கடைக்குப் போ’ என்று சொல்லியிருந்தால் மூன்று நாள் மாத்திரையோடு முடிந்திருக்கக்கூடிய விஷயம். சொல்ல ஆளில்லை. யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் ஜனவரியிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் பெட்டியும் ஊறுகாய் பாட்டிலுமாக இங்கே வந்து இறங்குவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சில இடங்களில் எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த வெட்கம்தான் என்னைப் படுக்க வைத்தது என்பதால் எதையும் மறைக்கப்போவதில்லை.

எம்.எஸ்ஸி முடித்துவிட்டு 2024 கடைசியில், படித்து முடித்தவர்கள் இங்கேயே தங்கி வேலை பார்க்க உதவும் இரண்டு வருட கிராஜுவேட் விசா வாங்கினேன். விசாக் கட்டணம் தனி, அதற்கு மேல் மருத்துவ வசதிக்கான கட்டணம் வருடத்துக்கு 1,035 பவுண்டு. இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 2,070 பவுண்டை முன்கூட்டியே கட்ட வேண்டும். அப்பா நகையை வைத்து அனுப்பிய பணம் அது. இவ்வளவு கட்டியாகிவிட்டது, இனி உடம்புக்கு ஒன்று என்றால் டாக்டர் இருக்கிறார் என்ற தைரியத்தில் இருந்தேன். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும் வரை ஓர் ஏஜென்சி மூலம் கிடங்கு வேலைக்குப் போனேன். வாரத்தில் நான்கு நாள், எட்டு மணி நேர ஷிப்ட். கழிப்பறை கிடங்கின் அந்தக் கோடியில் இருக்கும். போய் வந்தால் அன்றைய வேலை எண்ணிக்கை குறையும் என்று அடக்கிக்கொண்டே நிற்பேன். குளிர்காலத்தில் தாகமும் எடுக்காது, ஒரு பாட்டில் தண்ணீர் சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். இது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது யோசிக்கவே இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எரிச்சல் ஆரம்பித்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போக வேண்டும் போல இருக்கும், போனால் நாலு சொட்டு. நெருப்பை வைத்தது போல எரியும். நான் இருந்தது ஐந்து அறை கொண்ட வீடு, எல்லோருக்கும் பொதுவாக ஒரே கழிப்பறை. ராத்திரி முழுக்க மாடிப்படியில் ஏறி இறங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அம்மாவிடம் சொன்னால் கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு அழுவாள் என்று சொல்லவில்லை. அவள் என்ன சொல்வாள் என்று எனக்கே தெரியும்: சீரகத் தண்ணீர், வெந்தயம், நீர்மோர். மூன்றையும் செய்து குடித்தேன். தண்ணீர் நிறையக் குடித்தது நல்லதுதான், ஆனால் அதோடு நின்றதுதான் தப்பு. ஊரில் இப்படி ஒன்று வந்திருந்தால் சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருமுனை கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பேன், ஏழரைக்கு மாத்திரையோடு வீட்டுக்கு வந்திருப்பேன். கூட்டம் இருந்தாலும் போய் உட்கார்ந்துவிட்டால் டாக்டர் பார்க்காமல் அனுப்ப மாட்டார். நம் உடம்புக்குள் ஊறிய பழக்கம் அது. இங்கே போய் உட்கார முடியாது, முதலில் போனில் ஜெயிக்க வேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஒவ்வொருவரும் தன் வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு பொது மருத்துவரிடம், அதாவது ஜி.பி.யிடம், பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அவசரம் இல்லாத பெரும்பாலானவற்றுக்கு அவர் வழியாகத்தான் போக வேண்டும். பதிவதற்குப் பாஸ்போர்ட்டோ வீட்டு முகவரிச் சான்றோ கட்டாயம் கிடையாது. இல்லை என்பதற்காக அவர்கள் மறுக்கக்கூடாது. வந்து இறங்கிய வாரமே பதிந்துவிடுங்கள், காய்ச்சலோடு அந்தப் படிவத்தை நிரப்புகிற நிலைமை யாருக்கும் வரக்கூடாது. நான் பதிந்துதான் இருந்தேன். ஆனால் அன்றைய அப்பாயின்ட்மென்ட் எல்லாம் காலை எட்டு மணிக்குத்தான் திறக்கும் என்பது அதற்கு முன் எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் கூப்பிட்டேன். வரிசையில் நீங்கள் முப்பத்தொன்றாவது ஆள் என்று பதிவுக்குரல் சொன்னது. கழிப்பறைக்கும் அறைக்குமாக போனை எடுத்துக்கொண்டே நடந்தேன். நாற்பது நிமிடம் கழித்து ஒரு மனிதக் குரல் கேட்டபோது நிம்மதியாக இருந்தது. இன்றைக்கு எல்லாம் முடிந்துவிட்டது, நாளைக்கு எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். சரி, அவர்கள் சொன்னால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை 7:59க்கே விரலைத் தயாராக வைத்திருந்து அழுத்தினேன். பதினெட்டாவது ஆள். இந்தத் தடவை எடுத்தவர் ஓர் ஆண். என்ன பிரச்சினை என்று கேட்டார். இங்கேதான் நான் பெரிய தவறு செய்தேன். சிறுநீர் போகும்போது எரிகிறது என்று ஓர் ஆண் குரலிடம் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்து அறையில் ஆள் இருக்கிறார், சுவர் மெல்லிசு. ‘கொஞ்சம் உடம்பு முடியவில்லை, லேசாகக் காய்ச்சல் போல இருக்கிறது’ என்றேன். தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்கவும் என்று வேறு சேர்த்துக்கொண்டேன். எத்தனை நாளாக என்றார். இரண்டு நாள் என்றேன். குளிர்காலத்தில் அவர் கேட்கும் இருபது போனில் பதினைந்து அப்படித்தான் இருக்கும். டாக்டர் போனில் பேசுவார், 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை இடம் இருக்கிறது, போடட்டுமா என்று கேட்டார். பத்து நாள் கழித்து. சரி, நன்றி என்று சொல்லி வைத்தேன்.

அந்த நன்றியை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நான் சொன்னதைத்தானே அவர் எழுத முடியும்? நம் ஊரில் டாக்டரிடம் போய் நின்றால் முகத்தைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வார். கூட வந்த அம்மா மீதியைச் சொல்லிவிடுவாள். ‘பரவாயில்லை டாக்டர்’ என்று நாம் சொன்னாலும் அவள் விட மாட்டாள். இங்கே முகம் கிடையாது, அம்மா கிடையாது. போனில் நாம் சொல்லும் வார்த்தை மட்டும்தான் நம் உடம்பு. மரியாதைக்காக நாம் குறைத்துச் சொல்வதை அவர்கள் மரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை, உண்மை அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் ‘கொஞ்சம்’, ‘லேசாக’, ‘போல’ ஆகிய மூன்று வார்த்தைகளையும் நோய் சொல்லும்போது விட்டுவிடுங்கள். எப்போது ஆரம்பித்தது, நேற்றைவிட இன்று எவ்வளவு மோசம், காய்ச்சல் எத்தனை டிகிரி, எதைச் செய்ய முடியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். ‘ரொம்ப வலிக்கிறது’ என்பதைவிட ‘வலியால் இரண்டு ராத்திரி தூங்கவில்லை, மாடிப்படி ஏற முடியவில்லை’ என்பது அவர்களுக்கு உடனே புரியும். கர்ப்பமாக இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அந்தரங்கமான பிரச்சினை என்றால் ‘இது சிறுநீர் சம்பந்தமானது, விவரத்தைப் பெண் டாக்டரிடம் சொல்கிறேன்’ என்று சொன்னாலே போதும். இதில் அவமானம் ஒன்றும் இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது. அவர்கள் நாள் முழுக்கக் கேட்பது இதைத்தான்.

புதன்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குக் குளிர் எடுத்தது. போர்வை மேல் போர்வை போட்டு, அதற்கு மேல் குளிர்காலக் கோட்டையும் போட்டுக்கொண்டும் பல் கிட்டி உடம்பு தூக்கிப் போட்டது. வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழே, முதுகில், யாரோ முட்டியால் குத்துவது போல வலி. தெர்மாமீட்டர் 39.1 செல்சியஸ் காட்டியது, நம் ஊர்க் கணக்கில் 102 டிகிரிக்கு மேல். எட்டு மணிக்கு மறுபடியும் கூப்பிட்டேன். இந்தத் தடவை குளிர் நடுக்கம் என்று சொன்னதும், டாக்டர் இன்றைக்கு உங்களைத் திரும்பக் கூப்பிடுவார் என்றார்கள். எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை. காலையிலிருந்து போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிடந்தேன். மதியம் கண் அயர்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் எண் தெரியாத அழைப்பு இரண்டு, நான்கு நிமிட இடைவெளியில். விளம்பரக்காரர்கள் தொல்லைக்காக அப்படிப்பட்ட அழைப்புகளுக்கு மணியே அடிக்காதபடி போனில் நானே எப்போதோ மாற்றி வைத்திருந்தேன். பதறிப்போய்க் கூப்பிட்டால், டாக்டர் இரண்டு தடவை முயற்சி செய்தார், நீங்கள் எடுக்கவில்லை, நாளை எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள் என்றார்கள். கட்டிலில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

இதைப் படிக்கிறவர்கள் முதலில் தங்கள் போனில் அந்த அமைப்பைப் பாருங்கள். இங்கே டாக்டர்களும் ஆஸ்பத்திரிகளும் கூப்பிட்டால் பெரும்பாலும் எண் தெரியாது. கூப்பிடுவார்கள் என்று சொன்ன நாளில் அந்தத் தடையை எடுத்துவிடுங்கள், மணிச் சத்தத்தை முழுதாக வையுங்கள், குளியலறைக்குப் போனாலும் கையில் கொண்டுபோங்கள். காலையா மதியமா என்றாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தூங்கிப்போகிற அளவுக்கு முடியாமல் இருந்தால் ஒரு தோழியின் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள், ‘நான் எடுக்காவிட்டால் இவரைக் கூப்பிடுங்கள்’ என்று. எனக்கு அப்படிக் கொடுக்க ஓர் எண் இருந்தது. ஆந்திராவிலிருந்து வந்த பெண் அடுத்த அறையில்தான் இருந்தாள். அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை எட்டு மணி வரிசையில் நிற்கத் தெம்பு இல்லை. பணம் போனால் போகிறது என்று போனிலேயே ஒரு தனியார் வீடியோ டாக்டரைப் பிடித்தேன். 65 பவுண்டு. இரண்டு மணி நேரம் தள்ளி இடம் கிடைத்தது. அதற்குள் நன்றாகப் பேச வேண்டுமே என்று இரண்டு பாரசிட்டமால் போட்டுக்கொண்டேன். அவர் பேசும்போது காய்ச்சல் 37.6க்கு இறங்கியிருந்தது. நானும் அதை அப்படியே சொன்னேன், மாத்திரை போட்டதைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சிறுநீர்ப் பரிசோதனை செய்யாமல், வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் தன்னால் மருந்து எழுத முடியாது, இன்றே உங்கள் ஜி.பி.யைப் பாருங்கள் என்று சொல்லி முடித்துக்கொண்டார். அவர் சொன்னது சரிதான். ஆனால் 65 பவுண்டு கொடுத்து நான் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தேன். வீடியோவில் பார்த்துத் தீர்க்கக்கூடிய நோய் எது, தொட்டுப் பார்க்க வேண்டிய நோய் எது என்று யோசித்துவிட்டுக் காசைக் கட்டுங்கள். மாத்திரை போட்டிருந்தால் ‘மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் ஆகிறது, போடுவதற்கு முன் 39’ என்று இரண்டையும் சொல்லுங்கள். காய்ச்சலைக் குறித்து வைக்க ஒரு காகிதம் போதும்.

பாரசிட்டமால் தீர்ந்துவிட்டது என்று சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். முந்நூறு அடி தூரம், இரண்டு இடத்தில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கவுன்டரில் இருந்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி. மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்தவர் கொடுக்காமல் என்னைப் பார்த்தார். ‘உட்கார்’ என்றார். பக்கத்தில் இருந்த சின்ன அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். நான்கு நாளில் என் முகத்தை நேரில் பார்த்து என்னவென்று கேட்ட முதல் மனுஷி அவர்தான். எரிச்சலில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காய்ச்சல், நடுக்கம், முதுகு வலி என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. மருந்து போடும் காகிதப் பையை எடுத்துப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். ஞாயிறு முதல் எரிச்சல். புதன் விடிகாலை முதல் குளிர் நடுக்கம். 39.1. வலது முதுகில் வலி. காலையிலிருந்து ஒரே ஒரு தடவைதான் சிறுநீர். வாந்தி இரண்டு. நிற்கும்போது தலைசுற்றல். கடைசி வரியைப் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடிட்டார்: ‘இது செப்சிஸாக இருக்குமா?’ தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும், உயிருக்கு ஆபத்தான நிலை அது. 111 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணுக்கு இங்கிருந்தே கூப்பிடு, நான் பக்கத்தில் இருக்கிறேன், இதை மட்டும் படி, மன்னிப்புக் கேட்காதே என்றார்.

அப்போது அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் ஏழு சில்லறை நோய்களுக்கு ஜி.பி.யைப் பார்க்காமலே, அப்பாயின்ட்மென்ட் இல்லாமலே, மருந்துக்கடையில் பார்த்து மருந்து கொடுக்கலாம். தொண்டை வலி, சைனஸ், குழந்தைகளின் காது வலி, பூச்சி கடித்துப் புண்ணானது, இம்பெடிகோ என்ற தோல் புண், அக்கி, அப்புறம் பெண்களுக்கு வரும் சாதாரண நீர்க்கடுப்பு. நீர்க்கடுப்புக்கு 16 முதல் 64 வயது வரை உள்ள, கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு இது பொருந்தும். மூன்று நாள் மாத்திரை, 9.90 பவுண்டு. திங்கட்கிழமை காலையில் நான் அந்தக் கடையைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். காய்ச்சலும் முதுகு வலியும் வந்த பிறகு அந்த மாத்திரையை அவர் கொடுக்கக்கூடாது. அது சிறுநீர்ப் பையில் உள்ள கிருமியைக் கொல்லும், சிறுநீரகத்துக்குள் போனதற்குப் போதாது. அந்த வாசல் திங்கட்கிழமை திறந்திருந்தது, வியாழக்கிழமை மூடிவிட்டது. தயவு செய்து இதைத் தெரிந்துகொள்ளுங்கள், கூட இருக்கும் பெண்களுக்கும் சொல்லுங்கள்.

111 இங்கே இலவச மருத்துவ ஆலோசனை எண், இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. ஜி.பி.யில் இடம் இல்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் இதைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை என்றால் ‘தமிழ் இன்டர்ப்ரெட்டர்’ என்று கேட்கலாம், தொடர்பில் சேர்ப்பார்கள். உயிர் போகிற ஆபத்து என்றால் 999. நான் காகிதத்தைப் பார்த்துப் படித்தேன், குரல் நடுங்கியது. கேள்வி கேட்டவர் பாதியில் நிறுத்தி ஒரு நர்ஸிடம் மாற்றினார். ஒரு மணி நேரத்துக்குள் அவசரப் பிரிவில் இருக்க வேண்டும் என்றார் நர்ஸ். இங்கே அதை ஏ அண்ட் ஈ என்பார்கள். மருந்துக்கடைக்காரரே டாக்ஸி பிடித்துக் கொடுத்தார், 14 பவுண்டு. ஏறும்போது காகிதப் பையைக் கையில் திணித்து, வாசலில் இருப்பவரிடம் இதைக் கொடு, போய் ஓரமாக உட்கார்ந்துவிடாதே என்றார்.

காத்திருக்கும் அறையில் நூறு பேராவது இருந்திருப்பார்கள். நாற்காலி கிடைக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் வந்திருந்தால் ஒரு மூலையில் சுருண்டுகொண்டிருப்பேன். பையைக் கொடுத்ததால் பத்து நிமிடத்தில் முதல் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். நாடித்துடிப்பு 128, ரத்த அழுத்தம் 88க்கு 52, காய்ச்சல் 39.4. எண்களைப் பார்த்ததும் அந்த நர்ஸ் எழுந்து கதவைத் திறந்து யாரையோ கூப்பிட்டதும், என் கையில் இரண்டு பக்கமும் ஊசி ஏறியதும், ரத்தம் எடுத்ததும், ஆன்டிபயாடிக் சொட்டு இறங்கியதும் கனவு போலத்தான் நினைவிருக்கிறது. நான் யாரிடமோ தமிழில் பேசினேனாம், அப்புறம் சொன்னார்கள். ரத்தத்தில் ஈ. கோலை கிருமி வளர்ந்தது. கல் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்த்தார்கள், இல்லை. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை.

செப்சிஸ் என்றால் ஏதோ பெரிய நோய் என்று நினைத்திருந்தேன். எந்தச் சின்னத் தொற்றும் உடம்பை இப்படித் திருப்பிவிடலாம். பேச்சு குழறுவது, குழப்பம், தாங்க முடியாத நடுக்கமும் தசை வலியும், நாள் முழுக்கச் சிறுநீர் போகாமல் இருப்பது, மூச்சு வாங்குவது, தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் எட்டு மணிக்காகக் காத்திருக்கக்கூடாது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் நிற மாற்றம் சட்டென்று தெரியாது. உதடு, நாக்கு, உள்ளங்கை, உள்ளங்கால் இங்கே பார்க்க வேண்டும் என்று வார்டில் ஒரு கேரள நர்ஸ் என் கையை விரித்துக் காட்டினார். தனியாக இருப்பவருக்குத் தன் குழப்பம் தனக்கே தெரியாது. அதனால் உடம்பு முடியாத நாட்களில் காலையும் மாலையும் ஒருவரிடம் போனில் பேசுங்கள். நீங்கள் உளறினால் அவராவது கண்டுபிடிப்பார்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை, பன்னிரண்டு ஷிப்ட். மணிக்கு 11.44 பவுண்டு என்று பார்த்தால் கிட்டத்தட்ட 1,100 பவுண்டு. நோய்க்காலச் சம்பளம் அப்போது வாரத்துக்கு 116.75 பவுண்டு, அதிலும் அந்த வருட விதிப்படி முதல் மூன்று வேலை நாளுக்குக் கிடையாது. எனக்கு வந்தது 262. ஏஜென்சிக்காரர்களுக்கும் அது உண்டு என்பதே வார்டில் பக்கத்துக் கட்டில் அம்மா சொல்லித்தான் தெரியும், கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள். ஏழு நாள் வரை உடம்பு சரியில்லை என்று நாமே எழுதிக் கொடுத்தால் போதும், அதற்கு மேல் டாக்டர் சான்று வேண்டும். அதை ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அதற்காக மறுபடியும் எட்டு மணி வரிசையில் நிற்க வேண்டும். நான் கேட்டு வாங்கினேன். ஆஸ்பத்திரியில் ஒரு பைசா கேட்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

உடம்பு தேறிய பிறகு உட்கார்ந்து படித்தபோது இன்னொன்று தெரிந்தது. ‘நாளைக்குக் கூப்பிடுங்கள்’ என்று சொல்லி அனுப்பக்கூடாது என்பது 2023லேயே இங்கிலாந்து ஜி.பி.க்களின் ஒப்பந்தத்தில் வந்துவிட்டது. முதல் தடவை தொடர்புகொள்ளும்போதே நம் தேவையை மதிப்பிட வேண்டும், அல்லது சரியான இடத்துக்குக் கைகாட்ட வேண்டும். எனவே அப்படிச் சொன்னால் ‘இன்றைக்கே யாராவது என் நிலைமையை மதிப்பிட முடியுமா, இல்லையென்றால் நான் எங்கே போக வேண்டும்?’ என்று கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், வைத்துவிடவும் வேண்டாம். 2025 அக்டோபர் 1 முதல் ஜி.பி. கிளினிக்குகளின் ஆன்லைன் படிவமும் வேலை நாட்களில் காலை எட்டு முதல் மாலை ஆறரை வரை திறந்திருக்க வேண்டும். அது அவசரம் இல்லாதவற்றுக்குத்தான், ஆனால் பேச வெட்கமாக இருப்பதை எழுதிவிட அது நல்ல வழி. நான் அந்த கிளினிக்கின் மேலாளருக்கு இரண்டு பக்கம் எழுதிப் போட்டேன். யாரையும் திட்டவில்லை, தேதியும் நேரமும் மட்டும் எழுதினேன். இப்படிப்பட்ட புகாரை நடந்ததிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் எழுத வேண்டும். வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. எண் தெரியாத அழைப்பு வரும் என்று இப்போது முன்கூட்டியே குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள்.

18ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தேன். ஆந்திரப் பெண் ரசம் வைத்துக் கொடுத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மாவிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை மதியம் போன் அடித்தது, எண் தெரியவில்லை. முதல் மணியிலேயே எடுத்தேன். கிளினிக் டாக்டர். செவ்வாய்க்கிழமை அந்த ரிசப்ஷனிஸ்ட் போட்டுக்கொடுத்த அதே 21ஆம் தேதி அப்பாயின்ட்மென்ட். லேசான காய்ச்சல் என்று எழுதியிருக்கிறது, இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் எழுந்து உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலிருந்து, தேதி, டிகிரி, நாடி, ரத்த அழுத்தம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவர் மன்னிப்புக் கேட்டார். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று சொல்லி, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு நேரில் வரச் சொன்னார். வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது டாக்டர், வலது பக்கம் இன்னும் வலிக்கிறது என்றேன்.